அப்பாவுக்கும் அத்தைக்கும் நுரையீரல் புற்றுநோய்: இது வம்சத்தில் வருவதா?

கெடிலக்கரையான் (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 64 வயது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு விவசாயம். மீசை முளைத்த நாளிலிருந்து பீடி. சென்ற ஆண்டு நுரையீரலில் புற்று என்று தெரிந்தது. ஸ்குவாமஸ் வகை என்றார்கள். கோரிமேடு ஜிப்மரில் சிகிச்சை நடந்து வருகிறது. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் அப்பாவின் தங்கைக்கும், அதாவது என் அத்தைக்கும், நுரையீரல் புற்று. அத்தை பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. பண்ருட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர்.

அத்தையின் பயாப்சி அறிக்கையில் முதல் தாளில் 'அடினோகார்சினோமா' என்று இருக்கிறது. அதுவும் நுரையீரல் புற்றில் ஒரு வகையாம். இரண்டாம் தாளில் 'ஈ.ஜி.எஃப்.ஆர். எக்சான் 19 டெலீஷன்: காணப்பட்டது' என்று இருக்கிறது. அது ஒரு மரபணு மாற்றம் என்று சொன்னார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. எங்கள் தாத்தாவும் இருமி இருமித்தான் இறந்தார். அந்தக் காலத்தில் காசம் என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

என்னை அதிகம் வாட்டுவது என் தம்பி. வயது 34. நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். "நோய் ரத்தத்திலேயே இருக்கும்போது விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன" என்கிறான். நான் புகைப்பதில்லை. நாங்கள் இருவரும் மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் வாசு

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அண்ணா. அப்பாவும் அத்தையும் தேறி வரட்டும். மரபணு என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள் என்றால் குடும்பத்தில் எல்லோரும் சோதித்துப் பார்ப்பதுதானே முறை? இப்போது எச்சிலை ஒரு குப்பியில் அனுப்பினாலே முடிவு சொல்கிறார்கள்.

லாஸ்பேட்டை ஆய்வாளர்

வாசு, கொஞ்சம் பொறுங்கள். இங்கேதான் பல குடும்பங்கள் வீணாகக் கலங்குகின்றன. நான் மூலக்கூறு உயிரியலில் ஆய்வு செய்பவள். மருத்துவர் இல்லை. ஆனால் அந்த இரண்டாம் தாளில் இருப்பது என்ன என்பதைச் சொல்ல முடியும். ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது செல்லை வளரச் சொல்லும் ஒரு மரபணு. எக்சான் 19 டெலீஷன் என்றால் அதில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

அத்தையின் அறிக்கையில் சோதிக்கப்பட்டது கட்டியிலிருந்து எடுத்த திசு. அங்கே கண்டுபிடித்த மாற்றம் அவருடைய நுரையீரலில் ஏதோ ஒரு செல்லில், அவர் வாழ்ந்துகொண்டிருந்த காலத்தில் நேர்ந்தது. அந்த ஒரு செல் பெருகிக் கட்டியானது. அத்தையின் கண்ணிலோ கல்லீரலிலோ அது இருக்காது. அவர் பிறக்கும்போது அது இல்லை. அவருடைய பெற்றோரிடமிருந்து வரவில்லை, பிள்ளைகளுக்கும் போகாது. எக்சான் 19 டெலீஷன் வகை மாற்றங்கள் ஏறத்தாழ எல்லா நேரமும் இப்படி இடையில் வந்தவைதான். புகைக்காத ஆசியப் பெண்களின் அடினோகார்சினோமாவில் இவை அடிக்கடி காணப்படுகின்றன. இந்தச் செய்தியில் ஒரு நன்மையும் இருக்கிறது. இந்த மாற்றம் இருப்பவர்களுக்கு ஜெஃபிடினிப், ஒசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள் வேலை செய்கின்றன. அந்தச் சோதனையைச் செய்ததே மருந்தைத் தேர்ந்தெடுக்கத்தான், குலத்தை ஆராய அல்ல.

பெற்றோரிடமிருந்து வரும் மாறுபாடுகள் வேறு கணக்கு. அவை முட்டையிலும் விந்தணுவிலும் வந்து, உடலின் எல்லாச் செல்களிலும் இருக்கும். ரத்தத்தில் பார்த்தாலும் தெரியும். நுரையீரல் புற்றில் அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு, எந்த வழியில் என்று தெரியாமல் பேசினால் உங்கள் தம்பி சொல்லும் இடத்துக்குத்தான் போய் நிற்போம்.

தமிழ்ச்செல்வி (செவிலியர், புதுச்சேரி)

ஆய்வாளர் அம்மா சொன்னதை வார்டில் தினமும் விளக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு "எங்களுக்கும் வருமா சிஸ்டர்" என்று கேட்பார்கள். இரண்டு கேள்விகளை மருத்துவரிடம் கேளுங்கள்: "இது கட்டியில் எடுத்ததா, ரத்தத்தில் எடுத்ததா? பிறவியிலேயே இருக்கும் மாற்றம் என்று சந்தேகிக்க ஏதாவது இருக்கிறதா?" பாதிப் பயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கெடிலக்கரையான் அண்ணா, அத்தை எதில் சமைத்தார்? முந்திரி மிலாறு விறகா?

கெடிலக்கரையான் (கடலூர்)

ஆமாம் அக்கா. காஸ் வந்த பிறகும் வெந்நீருக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் மிலாறுதான். அடுப்படி ஓட்டுக் கூரை முழுக்கப் புகை படிந்து கீல் பூசியதுபோல் கறுத்திருக்கும். ஒரே ஒரு சிறிய ஜன்னல். அத்தையின் கண் எப்போதும் சிவந்துதான் இருக்கும். அதைப் பற்றி நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததே இல்லை.

தமிழ்ச்செல்வி (செவிலியர், புதுச்சேரி)

அதற்காகத்தான் கேட்டேன். வீட்டுக்குள் விறகு எரிக்கும் புகையைப் புற்று உண்டாக்கக்கூடிய வாய்ப்பு அதிகமுள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. வீட்டுக்குள் நிலக்கரி எரிப்பதை உறுதியான காரணிகளில் சேர்த்திருக்கிறது. அத்தைக்கு இதனால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு தனி மனிதரைக் காட்டி அப்படி யாராலும் சொல்ல முடியாது. 'புகைக்காதவருக்கு வந்தால் அது வம்சம்தான்' என்று முடிவு கட்டுவதற்கு முன் அந்த அடுப்படியையும் கணக்கில் வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நெல்லிக்குப்பத்தார்

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். என் பெரியப்பா தொண்ணூறு வயதுவரை சுருட்டு பிடித்தார். ஒரு சளிகூட இல்லை. எங்கள் தெருவில் ஒரு வாத்தியார், காபிகூடக் குடிக்காதவர், ஐம்பத்திரண்டில் நுரையீரல் புற்றில் போனார். இதற்கெல்லாம் ரத்தம்தான் காரணம் என்பது என் அனுபவம். புகையிலையைக் குறை சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. புகைக்கும் ஆசையும் நோயும் இரண்டுமே பிறவிக் கூறிலிருந்து வரலாமே?

லாஸ்பேட்டை ஆய்வாளர்

ஐயா, நீங்கள் கேட்டது லேசான கேள்வி இல்லை. இதே வாதத்தை 1957, 1958-களில் எழுதியவர் ரொனால்ட் ஃபிஷர். புள்ளியியலிலும் மரபியலிலும் அவ்வளவு பெரிய பெயர். பிரிட்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1950-ல் புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய பிறகு, அவர் மறுத்தார். ஒரே மரபுக்கூறு ஒருவனைப் புகைக்கவும் தூண்டுகிறது, புற்றையும் தருகிறது என்று இருக்கலாமே என்றார்.

அதைச் சோதிக்க வழி இருக்கிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கு மரபு ஒன்றுதான். அவர்களில் ஒருவர் புகைத்து மற்றவர் புகைக்காத இணைகளைப் பின்லாந்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோய் புகைத்தவர் பக்கம்தான் சாய்ந்தது. ரத்தம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் அப்படிச் சாய்ந்திருக்காது. பிறகு 2016-ல் டென்மார்க், ஃபின்லாந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளைச் சேர்ந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இரட்டையரை வைத்து ஒரு கணக்கு வந்தது. அந்த மக்களிடையே நுரையீரல் புற்று அபாயத்தில் காணும் வேறுபாட்டில் மரபின் பங்கு ஏறத்தாழ 18 சதவீதம். புரோஸ்டேட் புற்றில் அது 57. ஒப்பிட்டுப் பாருங்கள்.

மடங்குக் கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாகும். பெற்றோரிலோ உடன்பிறந்தோரிலோ ஒருவருக்கு நுரையீரல் புற்று இருந்தால் நமக்கு அபாயம் சுமார் ஒன்றரை மடங்கு. புகைப்பவருக்குப் புகைக்காதவரைவிட 15 முதல் 30 மடங்கு. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

உங்கள் பெரியப்பாவின் கதையை நான் மறுக்கவில்லை. புகைப்பவரில் பெரும்பாலோருக்கு நுரையீரல் புற்று வருவதில்லை என்பது உண்மைதான். அவர்களில் பலரை மாரடைப்பும் பக்கவாதமும் மூச்சுக்குழல் நோயும் முன்பே கொண்டுபோய்விடுகின்றன. அவர்களைப் பற்றி 'புற்று வரவில்லையே' என்று ஊர் பேசுவதில்லை.

நெல்லிக்குப்பத்தார்

இரட்டையர் விவரம் எனக்குப் புதிது. ஆனால் ஃபிஷர் சொன்னதில் பாதியாவது சரியாக இருக்காதா? புகைக்கும் ஆசை பிறவிக் கூறில் இல்லவே இல்லை என்கிறீர்களா?

லாஸ்பேட்டை ஆய்வாளர்

இருக்கிறது ஐயா! எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான். கெடிலக்கரையான் தம்பிக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மரபணுத் தொகுதியை அலசி ஒரே இடத்தில் வந்து நின்றன. 15-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு பகுதி. அங்கே இருப்பவை நிகோட்டின் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளைக் கட்டும் மரபணுக்கள். அவற்றில் ஆல்ஃபா-5 என்ற துணைப்புரதத்தில் 398-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது: அஸ்பார்ட்டிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் அஸ்பராஜின். இந்த மாறுபாட்டின் ஒரு பிரதி இருந்தால் நுரையீரல் புற்று அபாயம் சுமார் 30 சதவீதம் கூடுகிறது. தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என இரண்டும் இருந்தால் ஏறத்தாழ 80 சதவீதம் வரை.

இது நுரையீரலைக் கெடுப்பதாலா? முக்கியமாக இல்லை. மூளையின் நடுவில் ஹேபனுலா என்றொரு சிறு பகுதி உண்டு. நிகோட்டின் அளவு மீறும்போது அங்கே ஒரு கசப்புணர்வு எழும். இலையில் சோறு போதும் என்றதும் கை தானாக இலையை மடிப்பது போல, அது புகைப்பவரை நிறுத்தச் சொல்கிறது. ஆல்ஃபா-5 சரியாக வேலை செய்யாவிட்டால் அந்தக் குரல் பலவீனமாகிறது. 2011-ல் இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு நிகோட்டினைத் தாமே எடுத்துக்கொள்ளும் வசதி செய்து பார்த்தார்கள். மற்ற எலிகள் ஒதுங்கிய பெரிய அளவுகளையும் அவை விடாமல் எடுத்துக்கொண்டன. மனிதரிலும் இந்த மாறுபாடு உள்ளவர்கள் நாளைக்கு அதிகம் புகைக்கிறார்கள், ஆழமாக இழுக்கிறார்கள், விடுவதற்குச் சிரமப்படுகிறார்கள். புகைக்காதவர்களிடம் இந்த மாறுபாட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் சொல்லும்படியான தொடர்பு தெரியவில்லை.

ஆக, நுரையீரல் புற்றில் மிகத் தெளிவாக நிறுவப்பட்ட பரம்பரை மாறுபாடு, புகையைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. புகை இல்லாவிட்டால் அது பெரும்பாலும் வாளாவிருக்கிறது. 'ரத்தத்தில் இருப்பதால் விட்டுப் பயன் இல்லை' என்று தம்பி சொல்வது தலைகீழ். இந்த மாறுபாடு உள்ளவர்கள் சராசரியாக நான்கு ஆண்டுகள் தாமதமாகப் புகையை விடுகிறார்கள், நோயும் அவர்களுக்கு நான்கு ஆண்டுகள் முன்கூட்டித் தெரிகிறது என்று 2015-ல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. விட்டுவிட்டால் கிடைக்கும் நன்மை, மாறுபாடு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே அளவு.

கெடிலக்கரையான் (கடலூர்)

இதை அப்படியே அச்செடுத்துத் தம்பியிடம் கொடுத்தேன் அக்கா. முழுவதும் படித்தான். "எனக்கு அந்த மரபணு இருந்தால் என்னால் விடவே முடியாது என்றுதானே இதற்கு அர்த்தம்" என்று கேட்கிறான். என்ன சொல்வது?

தமிழ்ச்செல்வி (செவிலியர், புதுச்சேரி)

அவருக்குக் கடினமாக இருந்தால் அது அவருடைய மனவுறுதிக் குறைவு என்று வீட்டில் யாரும் ஏச வேண்டாம் என்று அர்த்தம். சிலருக்கு உடல் விடாது. அப்படிப்பட்டவருக்குத்தான் நிகோட்டின் சூயிங்கம், மாத்திரை, ஆலோசனை எல்லாம் இருக்கின்றன. 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுதல் உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது. அவரே அழைக்கட்டும்.

வயதையும் சொல்லுங்கள். பிரிட்டனில் ரிச்சர்ட் பீட்டோ குழுவினர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு எங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது, மறக்கவில்லை. கடைசிவரை புகைத்த ஆண்களில் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றால் இறக்கும் வாய்ப்பு சுமார் 16 சதவீதம். 50 வயதில் விட்டவருக்கு 6. 40-ல் விட்டவருக்கு 3. 30-ல் விட்டவருக்கு 2. தம்பிக்கு 34. அவர் இந்த வரிசையில் எந்த இடத்தில் நிற்கிறார் என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

மஞ்சக்குப்பம் வாசு

நான் எச்சில் சோதனை செய்துகொண்டேன். எந்த நிறுவனம் என்று சொல்ல விரும்பவில்லை. நுரையீரல் புற்று என்ற தலைப்புக்கு எதிரே பச்சை நிறத்தில் 'சராசரியைவிடக் குறைந்த அபாயம்' என்று வந்திருக்கிறது. நான் எப்போதாவது புகைப்பவன். இதை நம்பலாமா?

லாஸ்பேட்டை ஆய்வாளர்

வாசு, அந்தப் பச்சை நிறத்தைப் பார்த்து ஒரு சிகரெட்கூட அதிகம் பிடித்துவிடாதீர்கள். இதை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இத்தகைய மதிப்பெண்கள் பல சிறிய மாறுபாடுகளைக் கூட்டிப் போட்டவை. அந்த மாறுபாடுகளைக் கண்டெடுத்த ஆய்வுகளில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர், அடுத்து சீனா, ஜப்பான், கொரியா பக்கத்து மக்கள். அந்த ஆல்ஃபா-5 மாறுபாடே ஐரோப்பியரிடம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணப்படுகிறது, கிழக்காசியரிடம் மிக அரிது. ஒரு மக்கள் கூட்டத்தில் போட்ட கணக்கு இன்னொரு கூட்டத்துக்கு அப்படியே பொருந்தாது. நம் நாட்டில் ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் அது யாரிடம் எந்த மாறுபாடு எவ்வளவு என்று காட்டும் அடித்தளம். அதிலிருந்து கடலூர்க்காரர் ஒருவரின் நுரையீரல் புற்று அபாயத்தைச் சொல்லிவிட முடியாது.

இன்னொன்று. நாளைக்கு ஒரு பாக்கெட் வீதம் ஓர் ஆண்டு புகைத்தால் நுரையீரலின் ஒவ்வொரு செல்லிலும் சராசரியாக 150 புதிய மரபணு மாற்றங்கள் சேர்கின்றன என்று 2016-ல் கணக்கிட்டார்கள். எச்சில் குப்பி உங்களோடு பிறந்ததைத்தான் பார்க்கிறது. பிறகு நீங்கள் சேர்த்ததை அது பார்ப்பதில்லை.

நெய்வேலி நிலா

நான் தொழிற்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள். இரவில் வரும் நெடியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் படுப்போம். எங்கள் ஊரில் புகைக்காதவர்களுக்கு நோய் வந்தால் 'உங்கள் பரம்பரை' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மரபணுப் பேச்சு காற்றைக் கெடுப்பவர்களுக்கு வசதியாகப் போய்விடுகிறது. இதையும் இங்கே யாராவது சொல்ல வேண்டும்.

லாஸ்பேட்டை ஆய்வாளர்

சரியாகச் சொன்னீர்கள் நிலா. வெளிக்காற்று மாசை 2013-லேயே உறுதியான புற்றுக் காரணிகளில் சேர்த்துவிட்டார்கள். 2023-ல் லண்டனிலிருந்து சார்ல்ஸ் ஸ்வான்டன் குழு வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படியுங்கள். புற்று இல்லாத நுரையீரல் திசு மாதிரிகளிலேயே 18 சதவீதத்தில் ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் கொண்ட செல்கள் சிறு எண்ணிக்கையில் இருந்தன. அவை சும்மா கிடப்பவை. நுண்துகள் மாசு உள்ளே போய் அழற்சியைக் கிளப்பும்போது அவை விழித்துப் பெருகுகின்றன என்று எலிகளில் காட்டினார்கள். கெடிலக்கரையான் அத்தைக்கு வந்த அதே வகை மரபணு. ஆகவே 'மரபணு மாற்றம்' என்று அறிக்கையில் இருப்பது காற்றுக்கோ அடுப்புப் புகைக்கோ விடுதலைப் பத்திரம் ஆகாது.

நெல்லிக்குப்பத்தார்

அப்படியானால் யாருக்குத்தான் பரம்பரைச் சோதனை தேவைப்படும்? யாருக்குமே வேண்டாம் என்று நான் நம்பமாட்டேன்.

லாஸ்பேட்டை ஆய்வாளர்

நம்ப வேண்டாம் ஐயா, சிலருக்கு உண்மையிலேயே தேவை. அரிதாக, ஒரே மாறுபாடு பெரிய அபாயத்தைத் தரும் குடும்பங்கள் உள்ளன. ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் டி790எம் என்றொரு மாற்றம். வழக்கமாக அது மாத்திரை சாப்பிட்டுச் சில காலம் கழித்துக் கட்டியில் தோன்றுவது. ஆனால் பிறவியிலேயே அதைக் கொண்ட ஒரு குடும்பத்தை 2005-ல் விவரித்தார்கள். அந்தக் குடும்பத்தில் பலருக்கு நோய். ஆகவே மாத்திரை தொடங்குவதற்கு முன்பே, அதுவும் மாதிரியில் ஏறத்தாழப் பாதி அளவில் டி790எம் காணப்பட்டால் ரத்தத்திலும் பார்க்கச் சொல்வார்கள். டி.பி.53 மரபணுவில் பிறவி மாற்றம் உள்ள குடும்பங்களில் இளவயதிலேயே மார்பகம், எலும்பு, மூளை எனப் பல இடங்களில் புற்று வரும், நுரையீரலும் அதில் உண்டு. பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவின் கடைசிப் பகுதியில் ஓர் அரிய மாறுபாடு ஸ்குவாமஸ் வகை அபாயத்தைச் சுமார் இரண்டரை மடங்காக்குகிறது என்று 2014-ல் ஐரோப்பியரிடம் கண்டார்கள். அங்கும் புகைப்பவருக்கே அது பெருஞ்சுமை.

இளவயதில் நோய், புகைக்காத பலருக்கு நோய், ஒருவருக்கே பல வகைப் புற்று: இவற்றில் ஏதாவது இருந்தால் மரபியல் ஆலோசனை கேட்பது நியாயம்.

தமிழ்ச்செல்வி (செவிலியர், புதுச்சேரி)

ஸ்கேன் பற்றியும் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் ஆண்டுதோறும் எடுத்தால் நுரையீரல் புற்று இறப்பு 20 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் அமெரிக்காவில் காட்டினார்கள். அது 55 முதல் 74 வயதுக்குட்பட்ட, பல்லாண்டு கடுமையாகப் புகைத்தவர்களிடம். நம் ஊரில் பழைய காசநோய்த் தழும்புகள் அதிகம். ஸ்கேனில் அவையும் புள்ளிகளாகத் தெரியும், வீணாக ஊசி குத்திப் பார்க்க நேரும். அண்ணா, நீங்கள் புகைக்காதவர், உங்களுக்கு இப்போது அவசரம் ஏதும் இல்லை. தம்பி ஐம்பதை நெருங்கும்போது மருத்துவரிடம் பேசட்டும். அதற்குள் இருமல் மூன்று வாரம் தாண்டினாலோ சளியில் ரத்தம் தெரிந்தாலோ காத்திருக்கக் கூடாது.

கெடிலக்கரையான் (கடலூர்)

எல்லோருக்கும் நன்றி. அத்தையின் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். டி790எம் என்ற வரிக்கு எதிரே 'காணப்படவில்லை' என்று இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி பாக்கி. அத்தை மகளுக்கு 29 வயது, கைக்குழந்தை இருக்கிறது. அவள்தான் அதிகம் பயந்திருக்கிறாள். அவளிடம் என்ன சொல்லட்டும்?

தமிழ்ச்செல்வி (செவிலியர், புதுச்சேரி)

அம்மாவின் கட்டியில் இருந்த மாற்றம் அவளுக்கு வரவில்லை என்று முதலில் சொல்லுங்கள். அடுத்த முறை அத்தையை அழைத்துப் போகும்போது அவளும் கூட வரட்டும். யாருக்கு எந்த வயதில் என்ன நோய், யார் புகைத்தார், யார் வீட்டில் விறகடுப்பு என்று தாத்தா தலைமுறையிலிருந்து ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி. அப்புறம் அந்த அடுப்படியில் ஓடு இரண்டைக் கழற்றிவிட்டு ஒரு புகைபோக்கி வையுங்கள். வெந்நீரை வெளியே தாழ்வாரத்தில் காய்ச்சச் சொல்லுங்கள். குழந்தை அந்த வீட்டில்தானே வளர்கிறது?

கெடிலக்கரையான் (கடலூர்)

ஆமாம் அக்கா, அங்கேதான். கொத்தனாரிடம் இன்றே சொல்லிவிடுகிறேன்.